குடும்பத்துக்குள் புகுந்த ஆளைக் கோட்டுக்கு இழுக்க முன்

"அண்ணே, என்ட மனிசியோட தொடர்பு வச்சிருக்கிறவன் மேல கேஸ் போடலாமா?"

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் கிளாக்காக இருபது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டுகிறேன். இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று எண்ணி வைக்கவில்லை. யாரும் அலுவலகத்துக்குள் வந்து கேட்பதில்லை. வெளியே தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ கிளாசைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மேசையில் ஆள் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். சிலர் "என்ட கூட்டாளிக்கு ஒரு பிரச்சினை" என்று தொடங்குவார்கள். அந்தக் கூட்டாளி யார் என்று எனக்கும் தெரியும், தேத்தண்ணி ஊற்றுகிறவருக்கும் தெரியும்.

போடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை, நினைக்கிற இடத்திலும் இல்லை. நான் சட்டத்தரணி அல்ல, தாள் சுமக்கிறவன். சட்டத்தரணியைப் பார்க்கப் போக முன் உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும், எதைச் செய்து வழக்கைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் பொலிஸ். நிறையப் பேர் நேரே அங்கேதான் போகிறார்கள். இலங்கையில் கள்ளத் தொடர்பு ஒரு குற்றம் இல்லை, எங்கள் தண்டனைச் சட்டக் கோவையில் அப்படி ஒரு பிரிவே கிடையாது. இந்தியாவில் 497 என்று ஒன்று இருந்தது, அதையும் 2018 இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் தூக்கி எறிந்துவிட்டது. தமிழ்நாட்டு யூடியூப் பார்த்துவிட்டு வந்து "உள்ள போடலாமாமே" என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லியே வாய் வலித்துவிட்டது. பொலிஸில் அதிகம் போனால் ஒரு என்ட்ரி போடுவார்கள், மூன்று பேரையும் கூப்பிட்டு ஒரு பொலிஸ்காரர் புத்தி சொல்லுவார், அவ்வளவுதான். அந்த என்ட்ரி பிற்பாடு திகதி காட்ட உதவும் என்பதால் போட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் போட்டுவிட்டு ஆளைப் பிடித்து அடைப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. உங்கள் திருமணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போதே துணைவர் இன்னொருவரோடு பதிவுத் திருமணம் செய்திருந்தால் கதை வேறு. அது 362 பி பிரிவின் கீழ் ஏழு வருடம் வரை சிறை போகக்கூடிய குற்றம். அப்படிச் சந்தேகம் இருந்தால் அழுதுகொண்டு திரியாமல், பதிவு நடந்திருக்கக்கூடிய பிரதேச செயலகத்துக்குப் போய், மேலதிக மாவட்டப் பதிவாளர் பகுதியில் தேடுதல் விண்ணப்பம் போட்டு, அத்தாட்சிப் பிரதி எடுக்கப் பாருங்கள். அந்த ஒரு தாள் நூறு ஸ்கிரீன்ஷொட்டுக்குச் சமம்.

அடுத்தது இணையத்தில் வாசித்துவிட்டு வருகிறவர்கள். கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு லிங்க் அனுப்பியிருப்பார்: அமெரிக்காவில் ஒரு மனிசன், மனைவியின் மனதைக் கெடுத்தவனிடம் லட்சக்கணக்கான டொலர் வாங்கினான் என்று. உண்மைதான், வட கரோலினாவில் அப்படி வாங்குகிறார்கள். அங்கே படுக்கைத் தொடர்பைக்கூட நிரூபிக்கத் தேவையில்லை. எங்களுக்குள் அன்பு இருந்தது, அது அழிந்தது, அழிந்ததற்கு இந்த ஆள் செய்த வேலைதான் காரணம் என்று காட்டினால் போதும், மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஆனால் அமெரிக்காவிலேயே மிகச் சில மாநிலங்களில்தான் இந்த வழக்கு இன்னும் மிஞ்சியிருக்கிறது. இங்கிலாந்து 1970 இலேயே சட்டம் போட்டு இதை ஒழித்துவிட்டது. மச்சான் அனுப்பியதை வாசித்து ஆறுதல் அடையுங்கள், அதை வைத்துத் தொகை கணக்குப் போடாதீர்கள்.

எங்களுக்கு வந்தது ஒல்லாந்தர் கொண்டுவந்த ரோமன் டச்சுச் சட்டம். கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில் பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டுகிறீர்களே, மான்கள் படுத்திருக்கும் அந்த இடம், அந்தக் கோட்டையை வைத்திருந்தவர்களின் சட்டம்தான். 1795 இல் பிரிட்டிஷ்காரன் கோட்டையைப் பிடித்தான், 1799 இல் பழைய சட்டம் அப்படியே இருக்கட்டும் என்று பிரகடனம் போட்டான், அதன் மிச்சம் இன்றைக்கும் உங்கள் வீட்டுக்குள் வந்து நிற்கிறது. அந்தச் சட்டத்தில், திருமணத்துக்குள் புகுந்தவரிடம் இரண்டு வகையில் நட்டஈடு கேட்கலாம். ஒன்று உங்களுக்கு வந்த அவமானத்துக்கு. மற்றது துணைவரின் அன்பும் உதவியும் கூட இருப்பும் இல்லாமல் போனதற்கு.

இங்கே ஒன்று முக்கியம். இதே ரோமன் டச்சுச் சட்டத்தை வைத்திருந்த தென்னாபிரிக்காவில் 2015 இல் அரசியலமைப்பு நீதிமன்றம், இந்தக் காலத்தில் மூன்றாம் ஆளிடம் இப்படிக் காசு கேட்பது செல்லாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. எங்கள் நீதிபதிகளும் தென்னாபிரிக்கத் தீர்ப்புகளைப் புரட்டிப் பார்க்கிறவர்கள். ஆகவே சட்டத்தரணியைக் கண்டதும் உங்கள் சோகக் கதையைத் தொடங்க முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "மூன்றாம் ஆளிடம் நட்டஈடு கேட்பது பற்றி எங்கள் உச்ச நீதிமன்றத்தின் ஆகப் புதிய தீர்ப்பு என்ன சொல்லுது?" அவர் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றால் நல்லவர். யோசிக்காமல் "ஐம்பது லட்சம் கேட்போம்" என்றால் பிளேன்ரீக்குக் காசு கொடுத்துவிட்டு எழும்பி வாருங்கள்.

சரி, வழக்கு எப்படி அமைகிறது என்று பார்ப்போம்.

பெரும்பாலும் இது தனியாக வருவதில்லை, விவாகரத்து வழக்கோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். பொதுச் சட்டத்தில் விவாகரத்துக்குக் காரணம் மூன்றுதான்: திருமணத்துக்குப் பிறகு சோரம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மையின்மை. ஊர் கள்ளத் தொடர்பு என்பதைத்தான் வழக்குத் தாளில் சோரம் என்று எழுதுவோம். மனைவியின் சோரத்தைக் காரணமாகக் காட்டி ஒரு கணவன் வழக்குப் போட்டால், அந்த மூன்றாம் ஆளை இணை எதிராளியாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்று குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக் கோவையின் 598 ஆம் பிரிவு சொல்கிறது. ஆள் செத்துப்போயிருந்தால், தேடியும் பெயர் கிடைக்கவில்லை என்றால், அல்லது மனைவி விலைமாதாக வாழ்கிறார், குறிப்பாக ஆர் என்று சொல்ல ஒருவரையும் தெரியாது என்றால்தான் விலக்கு, அதையும் நீதிமன்றம் ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவிமார் போடும் வழக்குகளிலும் மற்றப் பெண்ணை இணை எதிராளியாகச் சேர்ப்பது நடக்கிறது.

இதன் அர்த்தம் புரிகிறதா? "அவனை இழுக்காமல் மனிசியை மட்டும் சோரத்துக்கு விவாகரத்துச் செய்வோம், ஊருக்குத் தெரியாமல் முடிப்போம்" என்று ஒரு கணவன் நினைத்தால் அது நடக்காது. பெயர், விலாசம், வேலை எல்லாம் தாளில் ஏறும், அழைப்பாணை அவன் வீட்டுக்குப் போகும், அவனுடைய மனைவி கையெழுத்து வைத்து வாங்கினாலும் வாங்குவாள். அவளுக்கு அதுவரை ஒன்றும் தெரியாமல் இருந்திருக்கலாம். அந்த ஆளுக்கும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் இருக்கலாம். நான் அழைப்பாணைத் தாள்களை உறையில் போடும்போது எனக்கு அந்த வீட்டுக் கேற்றுத்தான் கண்ணில் வரும்.

அதனால்தான் எங்கள் சட்டத்தரணி ஐயா முதலில் மற்றக் காரணத்தைப் பார்ப்பார். துணைவர் வீட்டை விட்டுப் போய்விட்டாரா? திரும்பி வரும் எண்ணம் இல்லையா? அப்படியென்றால் கைவிட்டுப் போனார் என்ற காரணத்திலேயே வழக்கைப் போடலாம், மூன்றாம் ஆளின் பெயரே தேவையில்லை, நிரூபிப்பதும் லேசு. என் கணக்கில் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும். ஆனால் அந்த ஏழெட்டுப் பேருக்கும் அது ருசிக்காது. அவர்களுக்கு வேண்டியது விவாகரத்து அல்ல, அந்த ஆள் கூண்டில் ஏறி நிற்பதைப் பார்ப்பது. அது தவறு என்று சொல்ல நான் யார், ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதை வழக்குப் போட முன்னரே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

முஸ்லிம் சகோதரர்களுக்கு ஒரு வரி: உங்கள் விவாகரத்து 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதியிடம் போகும், இங்கே சொல்கிற பாதை உங்களுக்கானது அல்ல.

நாள் ஓடுவதைக் கவனியுங்கள்

நட்டஈட்டு வழக்குக்கு இரண்டு வருடம்தான். காலாவதிக் கட்டளைச் சட்டம் 1871 இல் வந்தது, இன்றைக்கும் அதுதான் ஆட்சி. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று சட்டத்தரணிகள் சண்டை பிடிப்பார்கள், அது அவர்கள் வேலை. நீங்கள் ஆகப் பழைய திகதியிலிருந்து எண்ணுங்கள், பிழைக்காது. "பிள்ளையின் ஓஎல் சோதனை முடியட்டும்", "தங்கச்சியின் கலியாணம் முடியட்டும்" என்று தள்ளிப்போட்டு இரண்டரை வருடம் கழித்து வந்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்று, மன்னித்தல். விஷயம் தெரிந்த பிறகு, கோயிலில் சத்தியம் வாங்கிக்கொண்டு, திரும்ப ஒன்றாகக் குடும்பம் நடத்தினீர்கள் என்றால், பழைய தவறை நீங்கள் மன்னித்துவிட்டீர்கள் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அதற்குப் பிறகு புதிதாக ஏதும் நடந்தால்தான் வழக்கு உயிர் பெறும். மன்னிப்பது நல்லது, மன்னித்துவிட்டு வழக்குப் போடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதேபோல, தெரிந்தும் கண்டும் காணாமல் விட்டீர்கள், அதனால் ஏதோ லாபம் அடைந்தீர்கள் என்று எதிர்ப்பக்கம் காட்டினால் வழக்கு விழும். உங்களுக்கும் வெளியே ஒரு தொடர்பு இருந்தால் அதை உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்ப்பக்கச் சட்டத்தரணியின் வாயால் அவர் அதைக் கேட்கும் நிலை வந்தால், அந்தப் பத்து நிமிடத்தில் உங்கள் வழக்கு மட்டும் அல்ல, அவருடைய முகமும் கறுத்துப் போய்விடும்.

சாட்சியம் என்றால் என்ன

இங்கேதான் எல்லோரும் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு தம்பி வந்தான், கட்டாரில் வேலை, ஒரு மாத லீவில். கையில் ஒரு தடித்த பைல். கொமியூனிகேஷன் கடையில் கலர் பிரின்ற் எடுத்த வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட், இருநூறுக்கு மேல். ஐயா ஒவ்வொன்றாகப் புரட்டினார். முதல் தாளில் "சாப்பிட்டியா" என்று இருந்தது. யார் யாரைக் கேட்டது? மேலே பெயர் இருக்கிற பட்டையை அவன் வெட்டி எடுத்திருந்தான், தாளில் இடம் மிச்சம் பிடிக்க. திகதி இல்லை. இலக்கம் இல்லை. இருந்த பெயர் "டார்லிங்" என்று அவள் சேமித்து வைத்தது. அது யாருடைய இலக்கம் என்று எங்கேயும் இல்லை. போன் எங்கே என்று கேட்டால், கோபத்தில் சுவரில் அடித்து உடைத்துவிட்டானாம். இருநூறு தாளில் ஐயாவுக்கு உதவியது மூன்றே மூன்று, அதுவும் ஒரு மூலையில் தற்செயலாகத் திகதி விழுந்திருந்ததால்.

ஆகவே ஸ்கிரீன்ஷொட் எடுப்பதென்றால் முழுத் திரையையும் எடுங்கள், பெயர் அல்ல, இலக்கம் தெரியும்படி, திகதி தெரியும்படி, முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு தொடர்ச்சியாக. எடுத்த போனை விற்காதீர்கள், ரீசெற் பண்ணாதீர்கள், உடைக்காதீர்கள். குரல் பதிவு, வீடியோ மாதிரியானவற்றைப் பாவிப்பதென்றால் 1995 ஆம் ஆண்டு சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டத்தின்படி விளக்கத் திகதிக்கு, அதாவது விசாரணை நாளுக்கு, 45 நாட்களுக்கு முன்னரே எதிர்ப்பக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். விளக்கத்துக்கு முதல் நாள் பின்னேரம் பென் டிரைவோடு ஓடி வந்து "ஐயா இதக் கேளுங்கோ" என்றால் ஐயா கேட்பார், நீதிமன்றம் கேட்காது.

துணைவரின் பேஸ்புக்கை, ஈமெயிலை, போனைக் கடவுச்சொல் திருடித் திறக்காதீர்கள். 2007 ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அனுமதி இல்லாமல் நுழைந்தால் ஐந்து வருடம் வரை உள்ளே போகலாம். "என்ட மனிசியின்ட போன்தானே" என்பது பதில் அல்ல. வழக்காளியாக வந்து குற்றம் சாட்டப்பட்ட எதிரியாகப் போகாதீர்கள்.

பிறகு எதுதான் சாட்சியம்? இரண்டு பேரும் ஒன்றாகக் கட்டிலில் இருந்ததைக் கண்டேன் என்று சொல்ல ஆள் கிடைப்பது அரிது, சட்டமும் அதை எதிர்பார்ப்பதில்லை. விருப்பம் இருந்தது, வாய்ப்பும் இருந்தது என்று சூழ்நிலையால் காட்ட வேண்டும், ஆனால் வெறும் சந்தேகம் காணாது. நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தால் பதிவுப் புத்தகத்தில் அடையாள அட்டை இலக்கம் இருக்கும், அதை நீங்கள் போய்க் கேட்டால் தரமாட்டார்கள், நீதிமன்ற அழைப்பாணை மூலம் கொண்டுவரச் செய்யலாம். தொலைபேசி நிறுவனத்தின் அழைப்பு விபரமும் அப்படித்தான். பிள்ளை பிறந்திருந்தால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர். கணவன் வெளிநாட்டில் இருந்த காலத்தைக் காட்ட அவருடைய கடவுச்சீட்டு முத்திரைகள். ஒன்றாக வாடகைக்கு வீடு எடுத்திருந்தால் வீட்டுச் சொந்தக்காரர், கிராம அலுவலரின் வாக்காளர் பட்டியல்.

அயலவர்களை நம்பி வழக்கை நிறுத்தாதீர்கள். உங்கள் படலையடியில் நின்று "நான் எத்தனை தரம் கண்ணால கண்டன், அந்த நீல மோட்டார் சைக்கிள் விடிய நாலு மணிக்குத்தான் போகும்" என்று சொன்ன அக்கா, சாட்சிக்கு அழைப்பாணை போனதும் "எனக்கு இரவில கண் தெரியாது தம்பி" என்பார். அவரையும் குறை சொல்ல ஏலாது, அவர் நாளைக்கும் அதே ஒழுங்கையில்தான் இருக்க வேண்டும்.

ஆகப் பயனுள்ள பொருள் என்ன தெரியுமா? ஒரு சீயார் கொப்பி. என்ன நடந்தது, எந்தத் திகதி, எத்தனை மணி, யார் இருந்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள். அன்றன்றே எழுத வேண்டும். பிற்பாடு ஒரே பேனையால் ஒரே இருப்பில் எழுதினால் பார்த்த உடனேயே தெரிந்துவிடும். பாலையூற்றிலிருந்து வந்த ஒரு அம்மா இப்படி ஒரு கொப்பி வைத்திருந்தார். கறிக்கறை, குழந்தையின் கிறுக்கல், இடையில் கடைக்கணக்கு. எல்லாவற்றுக்கும் நடுவில் பதினான்கு மாதத்துத் திகதிகள். குறுக்கு விசாரணையில் ஒரு திகதியிலும் அவர் தடுமாறவில்லை.

பிள்ளைகளைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். "வீட்ட வந்த மாமாவைப் பற்றிக் கோட்டில சொல்லு" என்று எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கே கை ஓங்க வரும்.

சட்டத்தரணியிடம் போகும் நாள்

திருமணச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், உங்கள் அடையாள அட்டை, மூன்றாம் ஆளின் முழுப்பெயர், விலாசம், கிராம அலுவலர் பிரிவு. இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். "சுமன் எண்டு கூப்பிடுவாங்கள், ஓட்டோ ஓடுறவன்" என்று சொன்னால் நான் யாருக்கு அழைப்பாணை எழுதுவது? திருகோணமலையில் எத்தனை சுமன், எத்தனை ஓட்டோ!

வழக்கு நீங்கள் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம், ஆள் மட்டக்களப்பில் இருந்தாலும் சரி. ஆள் வெளிநாட்டில் இருந்தால் அழைப்பாணை சேர்ப்பதே தனி வழக்கு மாதிரி இழுக்கும். நீங்கள் வெளிநாடு போக வேண்டியவர் என்றால் போக முன்பே, சட்டத்தரணியை உங்களுக்காக நியமிக்கிற புரொக்சியிலும் தேவையானால் அற்றோணித் தத்துவத்திலும் கையெழுத்து வையுங்கள், ஆனால் சாட்சி சொல்ல நீங்கள்தான் வர வேண்டும், உங்களுக்குப் பதிலாக அண்ணன் வந்து உங்கள் மனம் நொந்ததைச் சொல்ல முடியாது.

காசைப் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். வழக்குரை தயாரிக்க எவ்வளவு, ஒவ்வொரு தவணைக்கும் எவ்வளவு, விளக்க நாளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு எழுதி வாங்குங்கள். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் திருகோணமலை நிலையத்துக்குப் போகலாம், வருமானத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், ஆனால் ஆலோசனை கேட்கவாவது போங்கள்.

தொகை எவ்வளவு போடுவது? நான் கண்ட வரையில், வழக்குரையில் போடுகிற இலக்கத்துக்கும் கையில் வருகிற இலக்கத்துக்கும் தூரம் அதிகம். குடும்பம் ஏற்கெனவே உடைந்து கிடந்ததா, நல்லபடி இருந்ததை வந்து கெடுத்தாரா, அவருக்கு இவர் திருமணமானவர் என்று தெரியுமா, இதெல்லாம் பார்ப்பார்கள். வென்றாலும் அறவிட வேண்டும், அதற்கு அவர் பெயரில் காணியோ வாகனமோ சம்பளமோ இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாதவன் மேல் பத்து லட்சத்துக்குத் தீர்ப்பு வாங்கி வைத்திருக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். லமினேற் பண்ணி வைத்திருக்கிறார்.

கணவன் வேறு ஒருத்தியோடு போய்விட்ட தங்கச்சிமாருக்கு நான் சொல்வது வேறு. நட்டஈட்டை விடுங்கள், முதலில் 1999 ஆம் ஆண்டு பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கேளுங்கள். மாதம் மாதம் வருகிற காசு பிள்ளையின் பால்மாவுக்கு, மற்றவளை அவமானப்படுத்துவது அதற்குப் பிறகு. அவர் பக்கம் உடனே உங்களைப் பற்றியும் ஒரு கதை கட்டும் என்று எதிர்பாருங்கள், ஏனென்றால் சோரத்தில் வாழ்கிற துணைவருக்குப் பராமரிப்புக் கிடையாது என்று அதே சட்டம் சொல்கிறது.

மாமியார் மேல் வழக்குப் போடலாமா

சிரிக்காதீர்கள், கள்ளத் தொடர்பை விட அதிகமாக என்னிடம் வரும் கேள்வி இது. "எங்களுக்குள்ள ஒரு பிரச்சினையும் இல்ல, அவருடைய தாய்தான் குடும்பத்தைப் பிரிச்சது." மூன்றாம் ஆள் என்றால் கள்ளக் காதலன் மட்டும்தானா? பழைய ரோமன் டச்சுச் சட்டத்தில், ஒருவரின் துணைவரை மனம் மாற்றி வீட்டை விட்டு வெளிக்கிடச் செய்தவர், ஒளித்து வைத்திருப்பவர் மேலும் வழக்கு உண்டு. ஆனால் பெற்ற தாய், அழுதுகொண்டு வந்த பிள்ளையை உள்ளே எடுத்ததைக் கெட்ட எண்ணம் என்று காட்டுவது மலையைக் கிள்ளுவது மாதிரி.

ஆனால் அந்த மாமியாரோ மைத்துனரோ அடிக்கிறார், மிரட்டுகிறார், மனதளவில் கொடுமைப்படுத்துகிறார் என்றால் 2005 ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. கணவனுக்கு எதிராக மட்டும் அல்ல, கணவனின் தாய், தகப்பன், சகோதரங்களுக்கு எதிராகவும் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். முதலில் 14 நாட்களுக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாதம் வரை. காசு வராது, ஆனால் மாமியார் வாசலுக்கு வரமாட்டார். பலருக்கு அதுவே காணும். அடியும் இல்லை, கொடுமையும் இல்லை, வாய் மட்டும்தான் என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கு ஆள் இருக்கிறார்கள், அல்லது வேறு வீடு பாருங்கள்.

செய்யக் கூடாதது

பேஸ்புக்கில் அந்த ஆளின் படத்தைப் போட்டு "குடும்பம் கெடுத்த நாய்" என்று எழுதாதீர்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் போய்விட்டது, ஆனால் மானநட்ட வழக்குப் போகவில்லை, பிறகு நீங்கள் அவருக்கு நட்டஈடு கட்ட வேண்டி வரும். நாலு பொடியன்களைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகாதீர்கள். வேலை செய்யும் இடத்துக்கு மொட்டைக் கடிதம் போடாதீர்கள், எழுத்து உங்களுடையது என்று எல்லோருக்கும் தெரியும். காசு தந்தால் வழக்குப் போடமாட்டேன் என்று போனில் பேரம் பேசாதீர்கள், அவர் அதைப் பதிந்து வைத்திருப்பார். கேட்பதென்றால் சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதமாகப் பதிவுத் தபாலில் போகட்டும்.

கடைசியாக ஒன்று. வழக்கு முடிந்து விவாகரத்துக் கிடைத்தது என்று வையுங்கள். அன்றைக்குக் கிடைப்பது நைசைத் தீர்ப்பு, அதாவது திருமணத்தை இன்னும் முடித்துவைக்காத இடைக்காலத் தீர்ப்பு மட்டும்தான். ஆகக் குறைந்தது மூன்று மாதம் போன பிறகு அதை முற்றானதாக்க வேண்டும். தீர்ப்பைக் கேட்ட சந்தோசத்தில் பலர் அதற்குப் பிறகு அலுவலகப் பக்கம் வருவதே இல்லை. போன வருடம் ஒருவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார், மனைவியோடு போனவனிடம் நட்டஈடு வாங்கிய மனிசன், கையில் கலியாணக் கார்ட், அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு, பழைய தீர்ப்பின் பிரதி ஒன்று வேண்டுமாம். பைலைத் தூசு தட்டி எடுத்துப் பார்த்தேன். நைசையோடு நிற்கிறது. நான் லட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 362 பி யைப் பற்றி எப்படிச் சொல்லத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.